வெர்னியர் வாங்கப் போகும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டுச் சொந்தமாகப் பட்டறை தொடங்குகிறவர் முதல் வாரமே கடைக்குப் போய்க் கேட்பது, பொருளைத் தாடைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் வெர்னியர் காலிப்பர். கடைக்காரர் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை எடுத்துப் பரப்பி வைப்பார். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இதில் எதை நம்பி வாங்குவது என்று பலரும் கேட்பதால் இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

டிஜிட்டல் காலிப்பரின் திரை 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். அதனாலேயே அது அந்த அளவுக்குச் சரியாக அளக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பெயருள்ள நிறுவனங்களே தங்கள் 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பருக்குப் பிழை வரம்பு 0.02 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்றுதான் அச்சிடுகின்றன. மலிவான கருவிகளின் பெட்டியில் அந்த எண்ணே இருக்காது, இருந்தாலும் அதற்குச் சான்றிதழ் இருக்காது. ஆகவே கடையில் லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், அக்யூரசி (பிழை வரம்பு) எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்குப் பம்புசெட் வேலையையே எடுத்துக்கொள்வோம். 6205 என்ற எண்ணுள்ள பேரிங் ஏறும் ஷாஃப்ட் 25 மி.மீ. அதற்கு வரைபடத்தில் k6 ஃபிட், அதாவது பேரிங் இறுக்கமாக உட்காரும் அளவு, போட்டிருந்தால், ஷாஃப்ட் 25.002-க்குக் குறையவும் கூடாது, 25.015-ஐத் தாண்டவும் கூடாது. நமக்குக் கிடைக்கும் இடமே 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ. 20 மைக்ரான் பிழை இருக்கலாம் என்று தயாரித்தவரே சொல்லும் கருவியை வைத்து இதை எப்படித் தீர்மானிப்பது? எவ்வளவு விலை உயர்ந்த காலிப்பரானாலும் இந்த வேலைக்கு ஆகாது. இதற்குத் திருகு வைத்து அளக்கும் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். அதுவும் 0–25 மி.மீ. அளப்பது அல்ல, 25–50 மி.மீ. அளப்பது. காலிப்பரை நீளம், பள்ளம், படி, ரஃப் டர்னிங் (முதற்கட்டக் கடைசல்) ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலிப்பருக்கு இந்த எல்லை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அளக்கும் பொருள் தாடைகளுக்கு நடுவில் இருக்கிறது, ஸ்கேலோ அதற்குப் பக்கவாட்டில், பட்டையில் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் நகரும் தாடை இம்மியளவு சாயும், அளவும் மாறும். அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் யேனா நகரத்து எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் சொன்ன விதி இதுதான். மைக்ரோமீட்டர் அந்த விதிப்படி அமைந்தது, காலிப்பர் அப்படி அமையவில்லை. அதனால் காலிப்பர் வாங்கும்போது திரையைவிடத் தாடையையும் பட்டையில் அது நகரும் விதத்தையும்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். முதலில் தாடைகளைத் துடைத்து, மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சில மைக்ரான் இடைவெளி இருந்தாலும் ஒளி கசியும். நுனியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, கிரைண்டிங் செய்த டோவல் பின் (உருண்டையான எஃகு ஊசி) ஒன்றைக் கையோடு கொண்டுபோய், தாடையின் நுனி, நடு, அடி என மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு வர வேண்டும்.

ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவில் செய்த எஃகுக் கட்டை) கையில் இல்லாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, நல்ல கம்பெனியின் புது பேரிங்கையே வைத்துச் சரிபாருங்கள் என்பதுதான். அதே 6205-இன் வெளிவிட்டம் 52 மி.மீ., சாதாரண கிரேடிலேயே அது 13 மைக்ரானுக்கு மேல் குறையாது. உள்விட்டம் 25, அது 10 மைக்ரானுக்கு மேல் குறையாது. காலிப்பரைச் சோதிக்க இது தாராளம். வெளித்தாடை, உள்தாடை இரண்டையும் ஒரே பொருளில் பார்த்துவிடலாம். உள்தாடையைக் கட்டாயம் பாருங்கள், மலிவான கருவிகளில் வெளியளவு சரியாக இருந்தும் உள்ளளவு தவறுவதுண்டு. பேரிங்கின் அகலத்தை மட்டும் நம்பாதீர்கள், அதற்கு 120 மைக்ரான் வரை சலுகை உண்டு.

டிஜிட்டலாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஜீரோ வைத்து, வேகமாக நாலைந்து தடவை இழுத்துத் தள்ளி, மறுபடி மூடுங்கள். ஜீரோ திரும்பி வராவிட்டால் அதன் மின்சுற்று கணக்கைத் தவறவிடுகிறது. மலிவான டிஜிட்டலில் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் காரணம் உண்டு. திரையை அணைத்தாலும் ஜீரோவை நினைவில் வைக்க உள்ளே மின்சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். இடத்தை ஸ்கேலிலிருந்தே நேரடியாகப் படிக்கும், ஆப்சல்யூட் என்று குறிப்பிட்ட வகையில் இந்தத் தொல்லை இல்லை. கூலண்ட் தெறிக்கும் இடமென்றால் நீரும் தூசியும் புகாத ஐபி67 தரம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், சாதாரண டிஜிட்டலின் ஸ்கேலில் ஈரம் பட்டால் எண்கள் தாறுமாறாக ஓடும்.

முள் சுழன்று அளவு காட்டும் டயல் காலிப்பர் படிக்கச் சுலபம். ஆனால் அதன் பல்வரிசையில் ஒரு சிறு பிசிறு மாட்டினாலே முள் இடம் மாறிவிடும். வார்ப்பிரும்பு கடையும் பட்டறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணம் மலிவான டிஜிட்டலுக்குத்தான் எட்டும் என்றால், அதே பணத்தில் நல்ல கம்பெனியின் சாதா வெர்னியரை வாங்குங்கள். நகரும் ஸ்கேலில் 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்து 0.02 மி.மீ. வரை படிக்கும் வெர்னியரில் பேட்டரி கிடையாது, கெடுவதற்கு மின்சுற்றும் கிடையாது. கோடு பார்க்கப் பழகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். பட்டறை நிலைத்த பிறகு ஆப்சல்யூட் டிஜிட்டல் வாங்கிக்கொள்ளலாம். பிரபலமான ஜப்பானியப் பெயர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று. லேத்திலிருந்து இறங்கிய சூட்டோடு அளக்காதீர்கள். 100 மி.மீ. அலுமினிய ஜாப் (கடையும் பொருள்) அறைச்சூட்டைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீண்டிருக்கும். ஆறியதும் ஜாப் குறைந்துவிட்டது என்று கருவியின் மேல் பழி போடுவோம்.

பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கருவிக்குக் கேலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) செய்து சான்றிதழ் வைத்திருங்கள். நீங்கள் அனுப்பிய பொருளை அவர்களுடைய இன்ஸ்பெக்ஷனில் திருப்பும்போது, உங்கள் அளவுக்கு ஆதாரமாக எடுத்து நீட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

வணக்கம்.