எண்ணால் சொல்ல முடியாத அச்சம்

நேயர்களுக்கு வணக்கம். நிர்வாக முடிவுகளில் உள்ளுணர்வுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, 1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில் நடந்த ஒரு தொலைபேசிக் கலந்தாய்வைத்தான் நினைவூட்டுவேன்.

மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட இருந்தது. புளோரிடாவிலோ வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர். விண்ணோடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ராக்கெட்டின் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்பதால், 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அவர்களுள் ஒருவரான ரோஜர் போஜோலி, ஓராண்டுக்கு முன் அதே 53 டிகிரியில் பறந்து மீண்ட ராக்கெட்டின் இணைப்பை நேரில் ஆராய்ந்தவர். வளையங்களுக்கு நடுவே இருந்த கிரீஸ் அன்று கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. சூடான வாயு கசிந்ததற்கு அதுவே சாட்சி. 75 டிகிரியிலும் ஒருமுறை கசிந்ததே என்று ஏவ விரும்பிய தரப்பு வாதிட்டது. அந்தக் கறையோ வெளிறிய சாம்பல் நிறம். இரண்டையும் பார்த்த கண்ணுக்கு அந்த வேறுபாடு போதும். ஆனால் அச்சத்தை எண்ணால் நிறுவச் சொன்னபோது அவரால் முடியவில்லை. மேலாளர்கள் முன் புகைப்படங்களை எடுத்து வைத்தும் பயனில்லை. ‘பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று தியோக்கால் நிறுவனத்தின் உயர் அதிகாரி சக அதிகாரியிடம் சொன்னார். ஏவலாம் என்று முடிவாயிற்று. புறப்பட்ட 73 வினாடிகளில் விண்ணோடம் சிதறி ஏழு பேர் மாண்டனர்.

போஜோலியிடம் இருந்தது குறி சொல்பவரின் வாக்கு அன்று. உள்ளுணர்வு என்பது, முன்பு கண்டதை அடையாளம் கண்டுகொள்வதே என்றார் முடிவெடுத்தலை ஆராய்ந்த அறிஞர் ஹெர்பர்ட் சைமன். ஒழுங்குக்கு உட்பட்ட துறையில் நெடுங்காலம் பழகி, தவறுகளின் விளைவையும் உடனுக்குடன் பார்த்தவரின் உள்ளுணர்வையே நம்பலாம் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் எழுதினார்கள். பங்குச் சந்தையின் நாளைய போக்கைச் சொல்லும் நண்பருக்கு இந்தச் சலுகை கிடையாது.

வானொலியில் படம் காட்ட இயலாது. நீங்களே மனத்தில் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். கிடைக்கோட்டில் வெப்பநிலை, செங்குத்துக்கோட்டில் சேதம். வளையம் பழுதான பயணங்களை மட்டும் குறித்தால் புள்ளிகள் அங்குமிங்கும் சிதறி, குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். பழுதில்லாத பயணங்களையும் சேர்த்துப் பாருங்கள்: 66 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலையில் பறந்த இருபதில் மூன்றில்தான் பழுது, 63 டிகிரிக்கு மேற்படாதவை நான்கு, அந்த நான்கிலும் பழுது. விசாரணைக் குழு பின்னர் வெளியிட்ட கணக்கு இது. இத்தகைய படத்தை வரையத் தேவையான விவரம் முழுவதும் அன்றிரவே பொறியாளர்கள் கையில் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆகவே குறையை அவர்கள்மீது மட்டும் சுமத்த நான் தயாரில்லை. ‘எண் எங்கே?’ என்று கேட்ட மேலாளர், ‘நீங்கள் எதைப் பார்த்தீர்கள், வரைந்து காட்டுங்கள்’ என்றும், ‘பழுதாகாதவை எத்தனை?’ என்றும் கேட்டிருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிடுக்கியில் இறுக்கி, பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தியபோது, ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அறையில் இருந்த அனைவரும் அதைப் பார்த்தார்கள்.