கிரீன் கறியைத் தாண்டி என்ன இருக்கு? தாய்லாந்து மெனுவைப் படிக்கிற வழி

(காட்சி: பாங்காக், சீலோம் ரோடு. மாரியம்மன் கோயில் கோபுரம். கேமரா பக்கத்துச் சந்துக்குள்ள திரும்புது. நாலைஞ்சு மேசை மட்டும் இருக்கிற ஒரு சின்ன உணவகம்.)

இந்தக் கோயில் 19ஆம் நூற்றாண்டுல இங்க குடியேறின தமிழர்கள் கட்டினது. சாமி கும்பிட்டுட்டு நேரா இந்தச் சந்துக்குத்தான் வந்தோம். நாலு பேர், நல்ல பசி. மெனுவைப் பார்த்தோம், ஆளுக்கு ஒரு தட்டு சொன்னோம். எனக்கு கிரீன் கறி, பச்சை மிளகாய் விழுதைத் தேங்காய்ப்பால்ல போட்டு வைக்கிற குழம்பு.

பத்து நிமிஷத்துல திகட்டிடுச்சு. தேங்காய்ப்பாலும் இனிப்பும் வாய்லயே தங்கிடுச்சு. பக்கத்து மேசையில ஒரு தாய்லாந்துக் குடும்பம். அவங்க மேசையிலயும் அதே கிரீன் கறி இருந்தது. ஆனா அவங்க அதுல ரெண்டு ஸ்பூன் எடுத்து சோத்துல போட்டுச் சாப்பிட்டு, அடுத்து புளிப்பா ஒரு மீனுக்குப் போனாங்க. அப்புறம் கீரை. அப்புறம் சூப்பு. திரும்பவும் கறி. யாருக்கும் திகட்டவே இல்ல. சமையல்ல ஒரு குறையும் இல்லைங்க. நாங்க சொல்லி வாங்கின விதம்தான் தப்பு.

(காட்சி: நடுவுல சோறு, சுத்தி அஞ்சு தட்டு. மேலிருந்து எடுத்த காட்சி.)

தாய்லாந்துச் சாப்பாட்டுல புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஈடா நிக்கணும். ஆனா அது ஒரே தட்டுக்குள்ள நடக்கணும்னு கட்டாயம் இல்ல, மேசை முழுக்கச் சேர்ந்து நடந்தா போதும். நம்ம வாழையிலையை நினைச்சுப் பாருங்க. சாம்பாரை மட்டும் ஒரு கிண்ணம் நிறைய வாங்கி அதோட எழுந்திருப்போமா? ரசம் வேணும், பொரியல் வேணும், கடைசியில மோர் வேணும். அங்கயும் அதே கணக்குதான், ஒரே ஒரு வித்தியாசத்தோட. நமக்கு ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வரும். அவங்களுக்கு எல்லாம் ஒண்ணா மேசைக்கு வந்துடும், எல்லாரும் பொதுவா எடுத்துக்குவாங்க.

அப்போ புதுசா எதைச் சொல்லி வாங்குறது? நீளமான பேரைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலான பேர்ல முதல் சொல், அதை எப்படிச் சமைச்சாங்கன்னு சொல்லிடும்.

(திரையில்: தொம் – கொதிக்க வைச்சது. யாம் – புளிப்பா கலந்தது. தாம் – இடிச்சது. பட் – வாணலியில வதக்கினது. தோட் – எண்ணெயில பொரிச்சது. நுங் – ஆவியில வெந்தது. கேங் – குழம்பு.)

அடுத்து வர்றது உள்ள என்ன இருக்குங்கிறது. காய்னா கோழி, குங்னா இறால், பிளான்னா மீன், மூன்னா பன்றி, நுவான்னா மாடு, பக்னா காய்கறி, கீரை. இந்தப் பதிமூணு சொல் கையில இருந்தா பாதி மெனு திறந்துடும்.

தொம் யாம் குங். பிரிச்சுப் படிங்க: கொதிக்க வைச்சு, புளிப்பா கலந்த, இறால். 2024ல யுனெஸ்கோவோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்ந்த சூப்பு இது. எலுமிச்சைப்புல், ஒரு வகை எலுமிச்சையோட இலை, அப்புறம் ‘கா’ன்னு ஒரு கிழங்கு. நம்ம நாட்டு மருந்துக் கடையில இருமலுக்கு வாங்குற சித்தரத்தைக்கு அண்ணன், பேரரத்தை. மருந்தா மட்டும் தெரிஞ்ச வாசனை சூப்புல வரும்போது முதல் வாய்க்கு நாக்கு கொஞ்சம் தயங்கும். மூணாவது வாய்க்கு அதுவே கேட்கும். இதெல்லாம் வாசனைக்குத்தான், கறிவேப்பிலையை ஒதுக்குற மாதிரி ஒதுக்கி வைக்கலாம். அந்த ஊர்க்காரங்களும் அப்படித்தான் செய்றாங்க. காரம் ஒத்துக்காதவங்களுக்கு தொம் கா காய். அதே பேரரத்தை, தேங்காய்ப்பால்ல, கோழியோட.

(காட்சி: மண் உரல், மர உலக்கை. பச்சைப் பப்பாளியைச் சீவுற கை.)

இந்த வீடியோவுல ஒரே ஒரு புதுச் சாப்பாட்டைத்தான் முயற்சி பண்ணுவீங்கன்னா, அது சோம் தாமா இருக்கட்டும். பச்சைப் பப்பாளித் துருவலை உரல்ல போட்டு, பூண்டு, மிளகாய், காராமணிக்காய், தக்காளி, எலுமிச்சைச் சாறு, பனைவெல்லம், மீன் சாறு எல்லாம் சேர்த்து இடிக்கிறது. நசுங்கிக் கூழாகக் கூடாது. ஒரு கையால இடிச்சுக்கிட்டே இன்னொரு கையால ஸ்பூனை வைச்சுப் புரட்டுவாங்க, பப்பாளி மொறுமொறுன்னே இருக்கும், சாறு மட்டும் உள்ள இறங்கும். இது வடகிழக்குப் பகுதியான ஈசான்லயும், பக்கத்து நாடான லாவோஸ்லயும் தினசரிச் சாப்பாடு.

கடையில மிளகாய் எத்தனைன்னு கேட்பாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கையில சொல்லணும். நம்ம நாக்கு காரத்துக்குப் பழகினதுதானேன்னு அஞ்சு சொல்லிடாதீங்க. நம்ம சமையல்ல மிளகாய் வெந்து, எண்ணெயில வதங்கி, புளியில கரைஞ்சு வருது. இங்க பச்சையா, அப்பவே இடிச்சது. ஒண்ணுல ஆரம்பிங்க. ‘சோம் தாம் தாய்’னு கேட்டா வேர்க்கடலையும் காய்ஞ்ச இறாலும் போட்டு லேசான இனிப்போட வரும். ‘பிளா ரா’ன்னு சேர்த்துச் சொன்னா ஊறிப் புளிச்ச மீன் சேரும், வாடை பலமா இருக்கும். கருவாட்டுக் குழம்பை ரசிச்சுச் சாப்பிடுறவங்க தயங்க வேண்டாம்.

இதுக்குத் துணை காவ் நியாவ், பசை அரிசி. ஊறவைச்சு ஆவியில வேகவைச்சு, சின்ன மூங்கில் கூடையில வரும். கையாலதான் சாப்பிடணும். சின்னதா உருட்டி, சாறுல தொட்டு, வாய்ல போடுங்க. மத்தபடி சாதாரணச் சோத்துக்கு வலது கையில ஸ்பூன், இடது கையில ஃபோர்க். ஃபோர்க் தள்ளிவிட மட்டும்தான். குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தான் வரும்.

ஈசான் பக்கத்துல இன்னொண்ணு, லாப். கொத்துக்கறியில எலுமிச்சை, புதினா, சின்ன வெங்காயம், மேல வறுத்து இடிச்ச அரிசிப் பொடி. அந்தப் பொடியோட வாசனைக்காகவே வாங்கலாம்.

(காட்சி: வாணலியில தேங்காய்ப்பால். எண்ணெய் பிரியுது.)

இப்போ கேங், அதாவது குழம்பு. நம்ம வீட்டுல முதல் பால், ரெண்டாம் பால்னு பிரிப்போம் இல்லையா? அவங்க ஹுவா கதி, ஹாங் கதின்னு சொல்றாங்க. தலைப்பால், வால்பால். ஆனா செய்முறை நமக்குத் தலைகீழ். நாம முதல் பாலைக் கடைசியில ஊத்தி, திரிஞ்சிடக் கூடாதேன்னு உடனே இறக்குவோம். அவங்க அந்தக் கெட்டிப் பாலை முதல்ல காய்ச்சி, வேணும்னே எண்ணெய் பிரிய விட்டு, அந்த எண்ணெயிலயே அரைச்ச விழுதை வதக்குறாங்க. குழம்பு மேல பச்சையா, சிவப்பா எண்ணெய் மினுங்குறது அதனாலதான்.

கிரீன் கறி பழகிடுச்சுன்னா அடுத்து மஸ்ஸமான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சீரகம், கொத்தமல்லி விதை, கூடவே உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, புளி. முஸ்லிம் வணிகர்கள் வழியா வந்த மசாலா வாசனை இது, நம்ம வீட்டு மூக்குக்கு உடனே பிடிபடும். ஆனா என் மனசு இன்னும் கேங் சோம் பக்கம்தான். தேங்காய்ப்பால் கிடையாது. புளியும் மிளகாயும் மீனும்தான் முக்கியம். புளிக்குழம்பு பிடிக்கிற ஒருத்தர் கிரீன் கறியோட நின்னுட்டா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்.

மிளகாய்னதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 16ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் வந்ததுக்கு அப்புறம்தான் மிளகாய் ஆசியாவுக்கே வந்தது. அதுக்கு முன்னாடி நமக்கும் அவங்களுக்கும் காரம்னா மிளகு. புதுசா வந்த காய்க்கு நாம மிளகோட பேரையே கொடுத்து மிளகாய்னோம். அங்க ‘ப்ரிக்’ங்கிற சொல்லைப் புதுசா வந்தது எடுத்துக்கிச்சு, பழைய மிளகு ‘ப்ரிக் தாய்’, அதாவது தாய்லாந்து மிளகாய் ஆயிடுச்சு. கடலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே குழப்பத்தை ஆளுக்கு ஒரு விதமா தீர்த்திருக்காங்க.

வதக்கினதுல பட் கப்ராவ். கப்ராவ்ங்கிறது நம்ம துளசிதான். கோயில்ல தீர்த்தத்தோட வாங்குற அந்த இலை, இங்க பூண்டோட, மிளகாயோட, கொத்துக்கறியோட சூடான வாணலியில விழுது. மேல ஓரம் மொறுகின ஒரு முட்டை. வெளிநாட்டு உணவகங்கள்ல நிறைய இடத்துல துளசிக்குப் பதிலா, இனிப்பு வாசனை இருக்கிற ஹொராபாங்கிற இலையைப் போட்டுடுறாங்க. அது வேற ருசி. துளசி இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

சைவம் சாப்பிடுறவங்க இந்தப் பகுதியை மட்டும் தவற விடாதீங்க. ‘வெஜிடபிள் கறி’ன்னு மெனுவுல போட்டிருந்தா அது சைவம்னு அர்த்தம் ஆகாது. விழுதுலயே கப்பி இருக்கும், அது உப்பு போட்டு ஊறவைச்ச இறால் விழுது. உப்புக்குப் பதிலா ‘நாம் பிளா’, அது நெத்திலி மாதிரிச் சின்ன மீனை உப்புல மாசக்கணக்கா ஊறவைச்சு வடிச்ச சாறு. ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது. ‘மங்சவிரத்’னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க. மாமிசம் தவிர்க்கிறதுன்னு பொருள், சொல் வடமொழியில இருந்து போனது. ஆனா முட்டை, பால் அதுல வரலாம். ‘ஜே’ன்னு சொன்னா முட்டை, பால் இல்ல, பூண்டு, வெங்காயம்கூட இல்ல. மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து தொங்குற கடைகள் ஜே கடைகள். அங்க நிம்மதியா உட்காரலாம். மத்த இடத்துல கப்பி, ‘நாம் பிளா’ ரெண்டையும் பேர் சொல்லி, வேண்டாம்னு கேட்டுடுங்க.

(காட்சி: அதே நாலு நண்பர்கள், அதே மேசை. இந்தத் தடவை நடுவுல சோறு.)

அடுத்த நாள் அதே கடைக்குத் திரும்பிப் போனோம். இந்தத் தடவை நாலு பேருக்கும் பொதுவா அஞ்சு: தொம் யாம் குங், சோம் தாம், மஸ்ஸமான், வதக்கின வள்ளைக்கீரை, அப்புறம் எலுமிச்சைச் சாறும் பூண்டும் போட்டு ஆவியில வெந்த கொடுவா மீன். வள்ளைக்கீரையை இலங்கையில ‘கங்குன்’னு சொல்லுவாங்க. மூணு எங்களுக்கு ஓரளவு தெரிஞ்சது, ரெண்டு புதுசு. புதுசு பிடிக்கலைன்னாலும் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம், அதனால இந்தக் கணக்கை நான் இப்பவும் விடுறதில்ல.

சாப்பிடும்போது சாம்பார் சாதம் மாதிரி மொத்தமா ஊத்திப் பிசைஞ்சுடாதீங்க. ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் எடுத்து, சோத்தோட ஒரு ஓரத்துல போட்டு, அதை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. மஸ்ஸமானுக்கு அப்புறம் சோம் தாம் ஒரு வாய் வைச்சுப் பாருங்க. வாய் கழுவின மாதிரி ஆயிடும், திரும்ப மஸ்ஸமான் முதல் வாய் மாதிரி இருக்கும். முந்தின நாள் பக்கத்து மேசைக் குடும்பம் செஞ்சது இதைத்தான்.

(காட்சி: சந்து முனை. தள்ளுவண்டி. குழிகள் உள்ள இரும்புத் தட்டு.)

இனிப்புக்கு மாம்பழமும் பசை அரிசியும் எல்லாருக்கும் தெரியும், அது நல்லாவும் இருக்கும். ஆனா எழுந்து வெளிய வாங்க. இந்தத் தட்டைப் பார்த்தா யாருக்கும் குழிப்பணியாரச் சட்டிதான் ஞாபகம் வரும். இதுக்குப் பேர் கனோம் க்ரோக். அரிசி மாவுக் கரைசலை முதல்ல ஊத்தி, ஓரம் பிடிச்சதும் மேல உப்பும் சர்க்கரையும் கலந்த தேங்காய்ப்பாலை ஊத்தி மூடிடுறாங்க. சிலதுல வெங்காயத்தாள் தூவுவாங்க, அதையே கேளுங்க. ரெண்டு அரை உருண்டையைச் சேர்த்து வைச்சுக் கொடுப்பாங்க. உடனே கடிச்சுடாதீங்க. வெளிய மொறுமொறுன்னு இருந்தாலும் உள்ள இருக்கிற பால் இன்னும் குழம்பாத்தான் இருக்கும், நல்லா கொதிச்சுக்கிட்டு. ஊதி ஊதிச் சாப்பிடுங்க.