மழித்த தோலில் எழும் தடிப்புகள்

நேயர்களுக்கு வணக்கம். சவரம் செய்த ஓரிரு நாளில் கழுத்திலும் தாடைக்குக் கீழேயும் அரிப்புடன் சிறு தடிப்புகள் எழுவதைப் பலர் பருவென்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் சரியாக மழிக்காததால் வந்ததென்று எண்ணி, மறுநாள் அதே இடத்தை இன்னும் அழுத்தி மழிக்கிறார்கள். உண்மையில், மழுமழுவென்று மழிக்க வேண்டும் என்ற அந்த ஆசைதான் இந்தத் தொல்லையின் வேர்.

பிளேடு வெட்டிய முடியின் நுனி கூர்மையாகிவிடுகிறது. நேராக வளரும் முடியானால் அதனால் பெரிய தீங்கில்லை. சுருண்டு வளரும் முடியோ, தோலுக்கு வெளியே வந்ததும் வளைந்து, பக்கத்திலேயே மறுபடியும் தோலுக்குள் இறங்குகிறது. தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடி வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போவதும் உண்டு. இரண்டிலும், முள் தைத்த இடம் எப்படிச் சிவந்து வீங்குமோ அப்படியே உடல் தன் சொந்த முடியை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. ஆகவே தொடக்கத்தில் இது கிருமித் தொற்று அன்று. சொறிந்தும் கிள்ளியும் புண்ணாக்கிய பிறகே பெரும்பாலும் கிருமி புகுகிறது.

ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள் தாடிப் பகுதியில் வரும் இந்தத் தடிப்புகளைப் பற்றி 1956ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். இரட்டை பிளேடு ரேசர் 1971இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தது என்பதால், குற்றம் முழுவதையும் அதன் மேல் சுமத்த முடியாது. ஆனாலும், முதல் பிளேடு முடியைச் சற்று இழுத்துப் பிடிக்க, அடுத்தது அதை வெட்ட, மிஞ்சிய அடிமுடி தோலுக்குள் பின்வாங்கிவிடுகிறது. விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த நெருக்கமான சவரம், சுருள்முடிக்காரர்களுக்கு வினையாக முடிவது இப்படித்தான்.

சிகிச்சையின் முதற்படி, சுமார் 4 வாரங்களுக்கு மழிப்பதை நிறுத்துவது. முதல் சில நாட்களில் தடிப்புகள் சற்று மிகுவதும் உண்டு. அதைக் கண்டு மனம் தளர்ந்து ரேசரை எடுத்துவிடக் கூடாது. முடி நீளும்போது அதன் வளைவு தானே விடுபட்டு நுனி வெளியே வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் ஒற்றி வைத்தால் தோல் இளகும். கண்ணாடியில் பார்க்கும்போது முடி வளையம்போல் தோலின் மேலேயே தெரிந்தால், சுத்தம் செய்த ஊசியால் அந்த வளையத்தை மெல்லத் தூக்கிவிடலாம். தோலைக் குத்தித் தோண்டுவதும் முடியை வேரோடு பிடுங்குவதும் கூடாது. பிடுங்கிய இடத்தில் முளைக்கும் புதுமுடி மயிர்க்காலின் சுவரைத் துளைக்கக்கூடும்.

வீக்கமும் அரிப்பும் மிகுந்தால் மென்மையான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டுப் பூசலாம். கிளைகாலிக் அமிலமும், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த மருந்து) களிம்புகளும் மேல்தோலில் சேரும் இறந்த செல்களைக் குறைத்து முடிக்கு வழிவிடும். கர்ப்பிணிகள் ரெட்டினாய்டைத் தவிர்க்க வேண்டும். சீழ் கோத்தாலோ, சிவப்பு பரவினாலோ, தடிப்பு கட்டியாகித் தடித்த தழும்பாக வளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மீண்டும் வராமல் தடுக்க, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும் டிரிம்மரையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ரேசர்தான் வேண்டுமென்றால், வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவி, ஷேவிங் ஜெல்லைச் சில நிமிடம் ஊறவிட்டு, கூரான ஒற்றை பிளேடால், தோலை இழுத்துப் பிடிக்காமல், முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். திசையை அறிய விரலால் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பு தட்டாத பக்கமே முடி வளரும் பக்கம். கன்னத்தில் கீழ்நோக்கியிருக்கும் முடி, கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளரக்கூடும். கழுத்தில் தடிப்பு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்குள், கால், அந்தரங்கப் பகுதி ஆகியவற்றிலும் ஆண் பெண் வேறுபாடின்றி இதே தொல்லை வரும். வேக்சிங் செய்வோரும் தப்புவதில்லை, ஏனென்றால் இழுக்கும்போது பாதியில் ஒடியும் முடி தோலுக்கடியில் தங்கிவிடுகிறது. எதற்கும் தொல்லை அடங்காதவர்களுக்கு, முடி வளர்வதைக் குறைக்கும் லேசர் சிகிச்சை உண்டு. கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் ஏற்றது. அதன் ஒளியை மேல்தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சுவதால் தோல் வெந்துபோகும் அபாயம் குறைகிறது. பல அமர்வுகள் தேவைப்படும். நரைத்த முடியில் அது பலிக்காது. பணிவிதியின்படி நாள்தோறும் மழித்தாக வேண்டியவர்கள், சிறிதளவு முடியை விட்டுக்கொள்ள மருத்துவச் சான்றுடன் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.