ரவுன்ஹவுஸ் கூரையில ஐஸ்: முதல்ல எந்த வீட்டுக் கூரை உருகுது எண்டு பாருங்கோ

வணக்கம் உறவுகளே. ரொறொன்ரோப் பக்கம் கொண்டோ ரவுன்ஹவுஸ்ல (ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள்) இருக்கிற ஆக்களுக்கு இண்டைக்கு ஐஸ் டாமை, அதாவது கூரை ஓரத்தில கட்டுற ஐஸ் அணையைப் பற்றிச் சொல்லப்போறன். பெப்ரவரியில மேல்மாடிச் சீலிங்கில மண்ணிறக் கறை ஒண்டு வரும். உடனே ஷிங்கிள் (கூரைக்கு மேல அடிக்கிற தகடு) பழுது, கூரையை மாத்துங்கோ எண்டு எழுதிப்போடுவினம். அநேகமா ஷிங்கிளில பிழை இல்லை. வீட்டுச்சூடு அற்றிக்குக்குள்ள, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில இருக்கிற வெளிக்குள்ள ஏறுறதுதான் பிழை.

அற்றிக் சூடானா, வெளியில மைனஸ் 10 எண்டாலும் கூரையில கிடக்கிற ஸ்னோ அடியால உருகும். அந்தத் தண்ணி வழிஞ்சு தாழ்வாரத்துக்கு வரும். அங்க கீழ வீடு இல்லை, சூடும் இல்லை. உறைஞ்சு அணை மாதிரி நிக்கும். பின்னால தேங்கிற தண்ணி ஷிங்கிளுக்கு அடியால மேல ஏறும், பக்கவாட்டிலயும் போகும். அதாலதான் 14ஆம் இலக்கத்தின்ர சூடு 15ஆம் இலக்கத்தின்ர சீலிங்கை நனைக்கும்.

அப்ப செய்யவேண்டிய முதல் வேலை: ஸ்னோ கொட்டின அடுத்தநாள் காலமை, வெயில் ஏற முதல், எதிர்ப்பக்கம் நிண்டு முழு வரிசையையும் படம் எடுங்கோ. எந்த வீட்டுக் கூரை முதல் வெளிக்குதோ, அங்கதான் சூடு ஒழுகுது. சூடில்லாத கராஜ் கூரையில ஸ்னோ அப்பிடியே கிடக்கும், அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. இந்தப் படத்தைத் திகதியோட கொண்டோ போர்டுக்கு (நிர்வாகக் குழு) அனுப்பினா கதை வேற மாதிரிப் போகும்.

திருத்த வேலைக்கு வருவம். இதில ஒழுங்கு முக்கியம். எல்லாரும் இன்சுலேஷனை (சூட்டை மறிக்கிற பஞ்சு) கொட்டத்தான் ஓடுகினம். முதல்ல காத்து ஏறுற ஓட்டையளை அடைக்கவேணும், ஏனெண்டா பஞ்சு காத்தை மறிக்காது. பொட் லைற் (சீலிங்குக்குள்ள பதிக்கிற லைற்), அற்றிக் மூடி, பிளம்பிங் பைப் ஏறுற இடம், இது மூண்டும்தான் பெரிய கள்ளர். பைப்பைச் சுத்தி ஸ்ப்ரே ஃபோம். மூடிக்கு நுரைப்பட்டி ஒட்டி, மேல 4 அங்குல ஃபோம் போர்ட். ஃபேர்னஸின்ர (வீட்டைச் சூடாக்கிற மெஷின்) புகை போற சூட்டுக் குழாயைச் சுத்தி மட்டும் ஃபோம் அடிக்கவே வேண்டாம், நெருப்புப் பிடிக்கும். அங்க தகரமும் சூடு தாங்கிற கோல்க்கும் (வெடிப்பு அடைக்கிற பசை)தான். பாத்றூம் ஃபானின்ர குழாயை சொஃபிற்றுக்குள்ள (தாழ்வாரத்தின்ர அடிப்பக்கம்) விட்டிருந்தா, ஈரச்சூடு திரும்ப அற்றிக்குக்குள்ளதான் ஏறும்.

பிறகு காத்தோட்டம். சீலிங் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி காத்துவழி, அதில காற்பங்காவது கீழ சொஃபிற்றில இருக்கவேணும். பஞ்சு அதை அடைக்காமல் தடுப்புத் தட்டு வைக்கவேணும். கடைசியாத்தான் R-60 அளவுக்குப் பஞ்சு (R எண்டது சூட்டை மறிக்கிற அளவு). செலுலோஸ் (கடதாசிப் பஞ்சு) எண்டா கிட்டத்தட்ட 16, 17 அங்குலம். பழைய வீட்டில மினுங்கிற சிறு கல் மாதிரி வெர்மிகுலைற் கிடந்தா தொடாதேங்கோ, அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்.

கூரையும் அற்றிக்கும் அநேகமான இடங்களில பொதுச்சொத்து. உங்கட டிக்ளரேஷனை (எது பொது, எது உங்கட எண்டு சொல்லுற கொண்டோப் பத்திரம்) வாசியுங்கோ. போர்டிட்ட கேக்காமல் பொட் லைற்றுக்கு ஓட்டை போட்டு, அதால சேதம் வந்தா, காப்புறுதியின்ர டிடக்டிபிளை (காப்புறுதி தராத முதல் பங்குக் காசு) உங்களிட்டயே கேக்கலாம். ஹீற் கேபிள் (கூரை ஓரத்தில போடுற சூட்டு வயர்) அணையை உடைக்காது, தண்ணி ஓட ஒரு வாய்க்கால் விடும், அவ்வளவுதான். பீலிக்குள்ளயும், கீழ இறங்கிற குழாய்க்குள்ளயும் அதைப் போடாட்டி தண்ணி அங்க போய் உறையும்.

இப்பவே ஒழுகுதெண்டா? சீலிங் வீங்கினா கீழ வாளி வைச்சு, ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தண்ணியை இறக்குங்கோ, இல்லாட்டி முழுச் சீலிங்கும் விழும். அற்றிக்கில மரச்சட்டத்தில மட்டும் கால் வைச்சுப்போய், ஒழுகிற இடத்துக்கு ஃபான் பிடிச்சா அங்க குளிர்ந்து தண்ணி உறையும். பழைய நைலோன் ஸ்ரொக்கிங்கில கல்சியம் குளோரைட் நிரப்பி, பீலிக்குக் குறுக்கா, அணைக்கு மேலால கிடக்கிற மாதிரி வையுங்கோ. சாப்பாட்டு உப்போ றோட்டு உப்போ வேண்டாம், மைனஸ் 10க்குக் கீழ அது வேலை செய்யாது, தகரமும் அரிக்கும். கோடாலி, சுத்தியலும் வேண்டாம், ஐஸோட ஷிங்கிளும் போயிடும். மனேஜ்மென்ற் கூப்பிடவேண்டியது ஸ்ரீம் வைச்சு உருக்கிற ஆக்களை.

ரூஃப் ரேக்கால (நீளப் பிடி வைச்ச ஸ்னோ வாரி) ஸ்னோவை இழுக்கிறதெண்டா நிலத்தில நிண்டு, கரண்ட் கம்பிக்கு 3 மீற்றர் தள்ளி, கூரையின்ர கீழ் 4 அடியை மட்டும். ஷிங்கிளில 2 அங்குலம் ஸ்னோ விடுங்கோ. விழுத்தின ஸ்னோ சுவரில இருக்கிற ஃபேர்னஸ் வெள்ளைக் குழாயளை மூடினா, உள்ளுக்குக் காபன் மொனொக்சைட் (மணமில்லாத நச்சு வாயு) தேங்கலாம். அதைக் கிண்டி எடுத்துப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள போங்கோ.