பர்கூர் மலையும் பாப்பாரப்பட்டிச் சாலையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குற்றம் செய்தவர் இந்தக் காலத்தில் சட்டத்திடமிருந்து தப்பித்துவிட முடியுமா என்பதுதான் இன்றைய பட்டிமன்றம்; முடியாது என்பது எங்கள் அணி.

“கேமராவும் செல்போனும் டவுனுக்குத்தானுங்க, பர்கூர் மலை ஏறினால் டவரே கிடைக்காது, அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பீங்க? வீரப்பனை எத்தனை வருசம் தேடினீங்க?” என்று எதிரணித் தங்கை கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். ஈரோட்டில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் கைதட்டல் விழும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்லியாக வேண்டும்.

சத்தியமங்கலம், பர்கூர், மாதேஸ்வரன் மலை என்று தொடர்ந்து கிடக்கும் காடு அது. இந்தப் பக்கம் துரத்தினால் அந்த மாநிலம், அந்தப் பக்கம் துரத்தினால் இந்த மாநிலம். தாளவாடி அருகே தொட்டகாஜனூரிலிருந்து 2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திச் சென்று, 108 நாட்கள் இரண்டு அரசுகளைக் காக்க வைத்தவர் அவர். அத்தனையும் உண்மை. அப்படிப்பட்டவரைக் காட்டை விட்டு இறக்கியது எது தெரியுமா? கண். கண்ணில் புரை விழுந்தது, தங்கையே! ஊரெல்லாம் கண்டு நடுங்கிய மனிதருக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாக நம்ப வைத்து, ஒரு மருத்துவமனையின் பெயர் எழுதிய ஆம்புலன்ஸை அனுப்பினார்கள். 2004 அக்டோபர் 18 இரவு, பேர்போன மீசையைக்கூடக் குறைத்துக்கொண்டு அதில் ஏறினார். மறுபடியும் சொல்கிறேன், அந்த மீசையைக் குறைத்துக்கொண்டு ஏறினார்! வண்டியை ஓட்டியவரே போலீஸ்காரர். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சாலையில் வண்டி நின்றது. சரணடையச் சொல்லியும் உள்ளிருந்து சுட்டார்கள் என்பது அதிரடிப்படை சொன்ன கணக்கு. அவரும் கூட்டாளிகள் மூவரும் அங்கேயே முடிந்தார்கள்.

டவர் இல்லாத மலையில் ஒளியலாம். கண்வலிக்கும், காய்ச்சலுக்கும், பெற்ற பிள்ளையைப் பார்க்கும் ஆசைக்கும் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினால் இன்று சுங்கச்சாவடியில் கேமரா, சிம் கார்டுக்கு அடையாளச் சான்று, விரல் பட்டால் தேசியக் கைரேகைப் பதிவு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் கொலை செய்தவர், உறவினர்களின் மரபணுவை வைத்து 2018-இல் பிடிபட்டார். நம் நாட்டிலோ 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கடுமையான வழக்கில் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் ஒளிந்தே இருந்தாலும் அவரில்லாமலே விசாரணையை நடத்தித் தீர்ப்புச் சொல்லலாம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. ஆர்.எஸ்.புரத்தில் கூட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த வழக்கில் தேடப்பட்டுவந்த ஒருவர் 27 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில் கர்நாடகத்தின் விஜயபுராவில் பிடிபட்டார். இத்தனை காலம் ஏமாற்றினாரே என்று எதிரணியினர் இதையும் தங்கள் கணக்கில் எழுதுவார்கள், எழுதட்டும். அன்று பறிகொடுத்த தாய்மார்களில் எத்தனையோ பேர் இந்தச் செய்தி வருவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்; இருப்பவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தப்பித்துப் போனவனுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் தீர்ப்பும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.