ஒரே ஒரு ஹோம் ரன்: பேஸ்பால் வீரர்கள் ஏன் சிறிய கல்லூரியைத் தேடிப் போகிறார்கள்?

[திரை: வெயிலில் காயும் ஒரு சின்ன மைதானம். பாதி காலியான இருக்கைகள்.]

2010ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். இரண்டு கல்லூரிகள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கின்றன. இரண்டின் பெயரையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். பந்து வீசுபவர் நெட்டையாக, ஒல்லியாக, பலமாகக் காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல நிற்கிறார். மட்டையோடு நிற்பவரும் ஒல்லிதான். பெரிய அடிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பந்து வருகிறது. அடிக்கிறார். வேலியைத் தாண்டிப் போய் விழுகிறது.

கல்லூரியில் படித்த காலம் முழுக்க அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான்.

அடித்தவர் ஜேக்கப் டிகிராம். பந்து வீசியவர் கிறிஸ் சேல். பேஸ்பாலைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இந்நேரம் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கு ‘சை யங்’ விருது கொடுப்பார்கள். இரண்டு லீக், லீகுக்கு ஒருவர், ஆக வருடத்துக்கு இரண்டே பேர். டிகிராம் 2018இலும் 2019இலும் அதை வாங்கினார். சேல் 2024இல் வாங்கினார். நம் கிரிக்கெட் கணக்கில் சொன்னால், பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் ஆகப்போகிற ஒருவர், பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் ஆகப்போகிற இன்னொருவரின் பந்தில் தன் கல்லூரி வாழ்க்கையின் ஒரே சிக்ஸரை அடித்த மாதிரி. அதுவும் ஒரு மூலையில், யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு ஆட்டத்தில்.

இந்த இரண்டு பேரும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பத்தாயிரம் பேர் உட்காரும் மைதானம் கட்டி வைத்திருக்கும் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாதிரிப் பெரிய கல்லூரிகளை விட்டுவிட்டுப் பேஸ்பால் வீரர்கள் ஏன் சின்னக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள்? இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான். சேனலுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த மணியை ஒரு தட்டு தட்டிவிடுங்கள், தொடங்கலாம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சலிப்பூட்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் பணக்காரர்கள், இரண்டாவதில் நடுத்தரம், மூன்றாவதில் விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது. இவை தவிர, ஜூனியர் கல்லூரி எனப்படும் இரண்டு வருடக் கல்லூரிகள் தனி அமைப்பில் ஆடுகின்றன. பின்னணி அவ்வளவுதான். போகலாம்.

[திரை: பெரிய எழுத்தில் 11.7]

இந்த எண்ணைப் பாருங்கள். பதினொன்று புள்ளி ஏழு. 2025 கோடை வரை, முதல் பிரிவில் இருக்கும் ஒரு பேஸ்பால் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய முழு உதவித்தொகைகளின் எண்ணிக்கை இதுதான். அப்போது அமெரிக்கக் கால்பந்தின் உயர்மட்ட அணிக்கு எவ்வளவு தெரியுமா? 85. பேஸ்பாலுக்கு 11.7. ஒரு ஆட்டத்துக்குக் களத்தில் ஒன்பது பேர் வேண்டும், பந்து வீச மட்டுமே பத்துப் பதினைந்து பேரை வைத்திருக்க வேண்டும், கையில் இருந்ததோ பதினோரு முழு இட்லியும் ஒரு முக்கால் இட்லியும். அந்த முக்காலுக்கும் குறைவான பையன் யார் என்று எனக்கு இன்றுவரை ஆர்வமாகவே இருக்கிறது.

உண்மையில் எல்லோருமே அந்தப் பையன்தான். பல வருடங்களாகப் பயிற்சியாளர்கள் இந்த 11.7ஐ அதிகபட்சம் 27 பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி, கொடுத்தால் குறைந்தது கால் பங்காவது கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்குப் போவோம். வெளிமாநிலத்தில் இருக்கும் பெரிய கல்லூரி, எல்லாம் சேர்த்து வருடச் செலவு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் கால் பங்கு கிடைத்திருக்கிறது. ஊரெல்லாம் ‘பையனுக்கு ஸ்காலர்ஷிப்’ என்று சொல்லி முடித்த அப்பா, ராத்திரி பேனாவை எடுத்துக் கணக்குப் போடுகிறார். மீதி 37,500 டாலர் வீட்டிலிருந்து போக வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர். பக்கத்திலேயே ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. அங்கே பையனின் மதிப்பெண்ணுக்கு ஒரு தொகை, குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒரு தொகை, பேஸ்பாலுக்குக் கொஞ்சம். எது மலிவு என்று சொல்ல ஆடிட்டர் வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பெயர்கூடத் தெரியாத ஜூனியர் கல்லூரிகளின் உயர்பிரிவில் ஒரு பேஸ்பால் அணி எத்தனை முழு உதவித்தொகை கொடுக்கலாம்? 24. ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள். பெரிய அண்ணன்களின் அந்த 11.7ஐப் போல இரண்டு மடங்கு!

பணம் பாதிக் கதைதான். மீதிப் பாதி நேரம்.

‘புலிக்கு வாலாக இருப்பதை விட எலிக்குத் தலையாக இருப்பது மேல்’ என்று நீங்கள் இப்போதே கமெண்டில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பழமொழி கௌரவத்தைப் பற்றியது. இங்கே நடப்பது கௌரவப் பிரச்சினை இல்லை, நாட்காட்டிப் பிரச்சினை. தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை வருடத்துக்கு ஒருமுறை ‘டிராஃப்ட்’ என்ற தேர்வில் வரிசையாக எடுத்துக்கொள்ளும். பள்ளி முடித்ததும் போகலாம். அதை விட்டு நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் வருடம் முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை காத்திருக்க வேண்டும். ஆக, தன்னை நிரூபிக்கக் கையில் இருப்பது மூன்று பருவம். வழக்கமான பருவத்தில் அதிகபட்சம் 56 ஆட்டம்.

பெரிய கல்லூரிக்குப் போன பதினெட்டு வயதுப் பையன் முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறான். டக்அவுட்டில் அதுதான் நொறுக்குத் தீனி, தரையெல்லாம் உமி. இரண்டாம் வருடம் அவனுக்கு முன்னால் 22 வயது அண்ணன் ஒருவர் நிற்கிறார். மூன்றாம் வருடம் இடம் கிடைத்தால், அந்த ஒரு பருவத்தை வைத்துத்தான் மொத்த வாழ்க்கைக்கும் தீர்ப்பு. பேஸ்பாலோ பார்த்துக் கற்றுக்கொள்கிற விளையாட்டு இல்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்து கடைசி நொடியில் வளையும் பந்தை எதிர்கொள்ளப் பழக வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பந்துகளுக்கு நூறு முறை ஏமாந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஏமாற முடியாது.

பந்துவீச்சாளருக்கு இது இன்னும் கறாரான கணக்கு. கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடராக நடக்கும். நாளுக்கு ஒருவர் ஆட்டத்தைத் தொடங்குவார். அணியின் முதல் ஆளுக்கு வெள்ளிக்கிழமை. ‘அவர் வெள்ளிக்கிழமைக்காரர்’ என்று சொன்னாலே போதும், தரம் புரிந்துவிடும். பெரிய கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கிடைப்பது வார நடுவில் வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஆட்டம். சின்னக் கல்லூரியில் முதல் வருடமே வாரக்கடைசியில் பந்து கைக்கு வரலாம்.

இனி நம் ஃபுளோரிடாவுக்குத் திரும்புவோம். உண்மையைச் சொன்னால் நான் இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

டிகிராம் படித்த கல்லூரியின் பெயர் ஸ்டெட்சன். டிலேண்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. கௌபாய் தொப்பி தெரியும் அல்லவா? அந்த ஸ்டெட்சன் தொப்பியைச் செய்த ஜான் ஸ்டெட்சனின் பெயரைத்தான் கல்லூரிக்கு வைத்தார்கள். அணியின் பெயர்? ‘ஹேட்டர்ஸ்’, அதாவது தொப்பிக்காரர்கள். எதிரணிகளெல்லாம் புலி, கரடி, கழுகு என்று பெயர் வைத்துக்கொண்டு வரும்போது இவர்கள் தொப்பி வியாபாரிகளாக இறங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

டிகிராம் அங்கே பந்துவீச்சாளராகச் சேரவே இல்லை. களத்தடுப்பில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர். முதல் இரண்டு வருடம் ஒரு பந்துகூட வீசவில்லை. மட்டையாட்டம் சுமார். ஆனால் அவர் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் மதிப்பு புரிந்தது. மூன்றாம் வருடம் அவரைப் பந்து வீச வைத்தார்கள், முதலில் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பிறகு ஆட்டத்தைத் தொடங்கவே. சில மாதங்களில் டிராஃப்ட். நியூயார்க் மெட்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. அவருக்கு முன்னால் 271 பேர் போய்விட்டார்கள்!

இப்போது என் கேள்வி. சுமாராக மட்டை பிடிக்கும் ஒரு ஷார்ட்ஸ்டாப்பை ஒரு பெரிய கல்லூரி மூன்றாம் வருடம் வரை களத்தில் வைத்திருக்குமா? என் கருத்து, வைத்திருக்காது. அவருடைய இடத்தில் ஆட நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், அவர் மூட்டை கட்டியிருப்பார், அந்தக் கையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆள் குறைவாக இருக்கும் வீட்டில் எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். அப்போதுதான் யாருக்கு என்ன வரும் என்பது தெரியவரும். இதற்கு முன்னால் இதே தொப்பிக்காரர்களிடமிருந்து வந்த கோரி க்ளூபர் என்பவரும் 2014, 2017 என்று இரண்டு சை யங் வாங்கியிருக்கிறார். ஒரு சிற்றூர்க் கல்லூரி, இரண்டு பந்துவீச்சாளர்கள், நான்கு விருதுகள்.

சேல் கதை வேறு வகை. அவர் படித்த ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியதே 1997இல்தான். கல்லூரி அவரை விடச் சின்னது! அவர் 1989இல் பிறந்தவர். அந்த அணி முதல் பிரிவுக்குப் புதிதாக ஏறிக்கொண்டிருந்ததால், அவர் அங்கே இருந்த காலத்தில் தேசியத் தொடருக்கு வரவே அனுமதி இல்லை. எத்தனை ஆட்டம் வென்றாலும் மே மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் 2010 டிராஃப்டில் 13ஆவது ஆளாகத் தேர்வானார், அந்த ஆகஸ்டிலேயே தொழில்முறையின் உச்ச மேடையில் பந்து வீசினார்.

யாரும் பார்க்காத இடத்தில் இருப்பவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கோடை விடுமுறை லீகுகள். மாசசூசெட்ஸில் கேப் காட் என்ற கடற்கரைப் பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு லீக் நடக்கும். பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி எல்லாம் கலந்து ஆடுவார்கள், அதுவும் மர மட்டையில். திறன் தேடும் ஸ்கவுட்கள் வேக அளவியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சேல் அங்கேதான் பளிச்சிட்டார். வேக அளவிக்குக் கல்லூரியின் பெயர் படிக்கத் தெரியாது.

மர மட்டை என்றதும் பிரைஸ் ஹார்ப்பர் நினைவுக்கு வருகிறார். கல்லூரி பேஸ்பாலில் பொதுவாக உலோக மட்டை, தொழில்முறையில் மரம் மட்டும். ஹார்ப்பர் 16 வயதில் பத்திரிகை அட்டையில் வந்த பிள்ளை. அவர் பள்ளியை இரண்டு வருடம் முன்பாகவே விட்டு, அதற்குச் சமமான தேர்வை எழுதிவிட்டு, சதர்ன் நெவாடா என்ற ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தார். ஏன்? ஜூனியர் கல்லூரி வீரருக்கு அந்த மூன்று வருடக் காத்திருப்பு கிடையாது. அந்தக் கல்லூரி ஆடிய லீகில் மர மட்டையும்கூட. ஒரே பருவம், 31 ஹோம் ரன், 2010 டிராஃப்டில் முதல் ஆள். குறுக்கு வழி என்று யாராவது சொன்னால், சட்டப்படியான குறுக்கு வழி என்று திருத்துங்கள்.

ஆல்பர்ட் புஹோல்ஸும் ஜூனியர் கல்லூரிதான். 13ஆவது சுற்றில் எடுத்தார்கள், 703 ஹோம் ரன் அடித்தார். அதைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன்.

சின்னக் கல்லூரி என்றால் கோப்பை கிடைக்காது என்பவர்களுக்கு ஒரு சேவல் கதை. தென் கரோலினாவின் கான்வே ஊரில் இருக்கும் கோஸ்டல் கரோலினா அணியின் சின்னம் சேவல், சாஸர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரின் கதையில் வரும் சேவல். 2016இல் ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதித் தொடருக்கு அந்த அணி முதன்முறையாகப் போனது. போன முதல் முறையே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெரிய கல்லூரிகள் சும்மா பெரிதாகவில்லை. பந்தின் சுழற்சியை அளக்கும் கேமரா, தனி உணவு நிபுணர், இப்போது வீரர்களுக்கு நேரடியாகப் பணம், எல்லாம் அங்கே இருக்கின்றன. பால் ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியில் இரண்டு வருடம் பந்தும் வீசினார், மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் ஆடினார். பிறகு எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். 2023இல் கோப்பை, அதே வருடம் டிராஃப்டில் முதல் இடம். ஒரே வருடத்தில்! ஆனால் கவனியுங்கள், ஆடிப் பழகியது அகாடமியில்.

இது இப்போது வழக்கமாகவே ஆகிவருகிறது. கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும் என்ற பழைய விதி பேஸ்பாலுக்கு 2021இல் தளர்ந்தது. பெரிய அணிகள், பள்ளிப் பையனை வளர்ப்பதை விடச் சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிப் பழுத்த 21 வயதுக்காரரை அழைத்துக்கொள்வதை விரும்புகின்றன. 2025இல் இன்னொரு மாற்றம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 11.7 என்ற வரம்பு ஒழிந்தது. ஆனால் 40 பேர் வரை வைத்திருந்த அணியில் இனி 34 பேர்தான். மேசையில் இட்லி கூடியிருக்கிறது, நாற்காலி குறைந்திருக்கிறது. நாற்காலி இழந்தவர்கள் எங்கே போவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

2025இன் சை யங் விருதுகளைப் பாருங்கள். ஒன்று ஸ்கீன்ஸுக்கு. இன்னொன்று டாரிக் ஸ்கூபலுக்கு, அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது முறை. ஸ்கூபல் படித்தது சியாட்டில் பல்கலைக்கழகம். அவரையும் எடுத்தது ஒன்பதாவது சுற்றில்தான், டிகிராமைப் போலவே. கமெண்டில் சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பையனாக இருந்தால் எல்.எஸ்.யு.வின் செவ்வாய்க்கிழமையா, சியாட்டிலின் வெள்ளிக்கிழமையா? உங்களில் யாரிடமாவது அசல் ஸ்டெட்சன் தொப்பி இருந்தால் படம் அனுப்புங்கள். அடுத்த வீடியோவின் தொடக்கத்தில் போடுகிறேன்.