50 மீட்டர் தள்ளி நிக்கற ஓர்க்: மினியேச்சர் பெயின்டிங்கும் கன்வெர்ஷனும்

[காட்சி: மேசை. எதிரெதிரா ரெண்டு பேர். நடுவுல இடிஞ்ச கட்டட மாதிரிகள், ரெண்டு பக்கமும் குட்டிப் படைகள்.]

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

வார்ஹாமர் 40,000 மாதிரி மேசை விளையாட்டுகள்ல வர்ற சாதாரண மனுஷ மினி, அதாவது குட்டிப் பொம்மை, பாதத்துல இருந்து கண் வரைக்கும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் இருக்கும். நிஜ ஆளை 56 மடங்கு சுருக்கினா கிட்டத்தட்ட இந்த அளவு வரும். விளையாடும்போது நம்ம கண்ணுக்கும் அதுக்கும் நடுவுல சுமாரா மூணு அடி, அதாவது 90 சென்டிமீட்டர். இப்போ இந்தத் தூரத்தையும் 56-ஆல பெருக்குங்க. 50 மீட்டர்.

[காட்சி: மைதானத்தின் மறுகோடியில் ஒருவர். முகம் தெளிவில்லை.]

50 மீட்டர் தள்ளி நிக்கற ஒருத்தரோட சட்டைப் பித்தான் உங்களுக்குத் தெரியுமா? கண்ணு எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியுமா? தெரியாது. ஆள் நிக்கற விதம் தெரியும். சட்டை என்ன கலர்னு தெரியும். கையில வச்சிருக்கறது கம்பா குடையான்னு தெரியும். அவ்வளவுதான்.

மினில பெயின்ட் அடிக்கறது, வெட்டி ஒட்டி உருவத்தை மாத்தற கன்வெர்ஷன்னு இந்த ஹாபில இருக்கற முக்கால்வாசி வித்தை இந்த 50 மீட்டரை ஏமாத்தத்தான். எந்த நுட்பத்துக்கு நேரம் செலவு பண்ணலாம், எதை யோசிக்காம விட்டுடலாம்ங்கறதையும் இதை வச்சே முடிவு பண்ணிடலாம்.

[காட்சி: சாம்பல் நிற பிளாஸ்டிக் ஓர்க். கேமரா மெதுவா சுத்தி வருது.]

முதல் ஏமாத்து வேலையை சிற்பியே பண்ணிடறார். இது ஓர்க், 40,000-ல வர்ற பச்சைத் தோல் வேற்றுக்கிரக முரடன். தலையைப் பாருங்க, உடம்புக்குப் பெருசு. கை அதைவிடப் பெருசு. துப்பாக்கி நிஜத்துல இருந்தா ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். ஹீரோயிக் ஸ்கேல்னு சொல்றது இதைத்தான். தூரத்துல இருந்து படிக்கவேண்டிய பாகங்களை மட்டும் வேணும்னே ஊதிப் பெருசாக்கியிருக்காங்க.

வரலாறு ரெண்டு வரில சொல்லிடறேன். இங்கிலாந்துல கேம்ஸ் ஒர்க்ஷாப் 1975-ல ஆரம்பிச்சது. பொம்மை வார்க்கறதுக்குன்னே 1979-ல சிட்டடெல் மினியேச்சர்ஸ் வந்துச்சு. 1983-ல வார்ஹாமர், 1987-ல அதோட விண்வெளி வடிவமான 40,000. ஆரம்பத்துல பெரும்பாலும் ஈயம் கலந்த உலோகம். அப்புறம் பிளாஸ்டிக் பெருகிச்சு. உலோகத்தை அறுக்க ரம்பம் வேணும், பிளாஸ்டிக்குக்குக் கத்தி போதும். சாதாரண ஆளுக்கும் கன்வெர்ஷன் கைக்கு எட்டினதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம உதாரணத்துக்கு ஓர்க்கை எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. கதைப்படி இவங்க எதிரிகளோட வண்டி, கவசம், தகரம் எதையும் விடாம சுருட்டி, வெட்டி ஒட்டி ஓட்டற கூட்டம். அதனால இந்தப் படைல கோணல்மாணலா ஒட்டினாலும் கதைக்குப் பொருந்தும். முதல் முறை கத்தி எடுக்கறவங்களுக்கு இதைவிட மன்னிக்கற இனம் கிடையாது.

[காட்சி: வெட்டும் பாய், கத்தி, நிப்பர், கையால சுத்தற சின்ன டிரில்.]

பெயின்டுக்கு முன்னாடி கன்வெர்ஷன். இங்கே புதுசா வர்றவங்க செய்யற வேலையைக் கவனிச்சிருக்கேன். பெல்ட்ல ஒரு பை சேர்ப்பாங்க, கழுத்துல பல் மாலை தொங்கவிடுவாங்க. ராத்திரி பூரா வேலை. மூணு அடில வச்சா யாருக்கும் தெரியாது. நிழலுருவம் மாறலையே! மினியை விளக்குக்கு முன்னாடி பிடிங்க. சுவத்துல விழற நிழல் மாறியிருந்தா அது கன்வெர்ஷன். மாறலைன்னா அது அலங்காரம். ரெண்டும் தப்பில்லை, ஆனா கத்தி முதல்ல எங்கே போகணும்னு இந்த நிழல் சொல்லிடும்.

அதுக்கு முதல் இடம் கழுத்து. தலையைக் கொஞ்சம் திருப்பினா போதும், அதே பொம்மை வேற எதையோ பாக்க ஆரம்பிச்சிடும். அடுத்தது இடுப்பு. நேரா ஓடற உடம்பை இடுப்புல அறுத்து லேசா முறுக்கி ஒட்டினா, ஓடிக்கிட்டே பக்கவாட்டுல வெட்டற மாதிரி ஆயிடும். மூணாவது கால். ஒரு பாதத்துக்குக் கீழே காய்ஞ்ச மரப்பட்டைத் துண்டு வச்சு உயர்த்துங்க. பாறை மேல ஏறி நிக்கறான், படைத்தலைவன்னு யாரும் சொல்லத் தேவையில்லை.

[காட்சி: கிட்டத்துல, ரெண்டு துண்டுகளை ஒட்டும் கைகள்.]

பசை விஷயத்துல நிறையப் பேர் குழம்பறாங்க. பிளாஸ்டிக் மினிக்குன்னு தனியா விக்கற பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில ஒரு கரைப்பான். ரெண்டு பக்கத்தையும் லேசா உருக்கி ஒண்ணாக்கிடுது. காய்ஞ்சப்புறம் அங்கே பசைங்கற அடுக்கே இல்லை, வெல்டிங்தான். ஆனா உலோகத்துலயும் ரெசின்லயும் அது வேலை செய்யாது. அங்கே சூப்பர் க்ளூ, நம்ம ஊர் ஃபெவிக்விக் வகையறா. அது இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது. மேசைல இருந்து விழுந்தா கை கழண்டுடும். அதனால ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, நடுவுல ஜெம் கிளிப் கம்பியை எலும்பு மாதிரி செருகி ஒட்டறாங்க. பின்னிங்னு பேரு.

அறுத்து ஒட்டின இடத்துல இடைவெளி விழும். அதை அடைக்க கிரீன் ஸ்டஃப். நீலப் பட்டை, மஞ்சள் பட்டை, ரெண்டும் ஒரே எபாக்சியோட ரெண்டு பாகம். சேத்துப் பிசைஞ்சு ஒரே பச்சையா வந்ததும் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல வளைஞ்சு கொடுக்கும். மறுநாள் ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். கருவியைத் தண்ணில நனைச்சுக்கிட்டே வேலை செய்யுங்க, இல்லேன்னா பொம்மையை விட்டுட்டுக் கருவியோடயே வந்துடும். பெரிய பள்ளத்தை ஒரே நாள்ல நிரப்பாதீங்க. இன்னைக்குப் பாதி, இறுகினப்புறம் நாளைக்கு மேல்தோல்.

[காட்சி: பழைய ஸ்பேஸ் மரீனும் புது ஸ்பேஸ் மரீனும் பக்கத்துல பக்கத்துல.]

கன்வெர்ஷன் பண்ற ரசிகர்களோட பிடிவாதத்துக்கு ஒரு சாட்சி. 40,000-ல வர்ற கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்கள் கதைல ராட்சச உயரம். பழைய மினிகளோ சாதாரணச் சிப்பாய் மினி பக்கத்துல நின்னா கிட்டத்தட்ட அதே உயரம். கடுப்பான ரசிகர்கள், அதைவிடப் பெரிய, கனத்த கவசம் போட்ட டெர்மினேட்டர் மினிகளோட காலை எடுத்து, இடுப்புல தகடு வச்சு உயர்த்தி, வருஷக்கணக்கா தாங்களே 'ட்ரூ ஸ்கேல்' மரீன்களைச் செஞ்சாங்க. 2017-ல கம்பெனியே பிரைமாரிஸ்னு உயரமான மரீன்களை இறக்குச்சு.

அதுக்கும் முன்னாடி, 80-களோட கடைசில, கம்பெனியே டியோடரன்ட் டப்பால மிதக்கும் டாங்கி செய்யச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. இப்போ அவங்களே நடத்தற போட்டிகள்ல அவங்க மினிதான் இருக்கணும்னு கறார். எனக்கு அந்த டப்பா காலம்தான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. போட்டில விளையாடறதா இருந்தா, பதுங்கறதுக்கு வசதியா மினியைக் குட்டையாக்காதீங்க. யார் யாரைப் பாக்க முடியும்ங்கறதை மினியோட உருவத்தை வச்சே அளக்கறாங்க, அதனால அது ஏமாத்து வேலைல சேந்துடும். அதே மாதிரி கையில இருக்கற ஆயுதம் எதிராளிக்குப் பட்டுனு புரியணும். இங்கேயும் அதே மூணு அடிதான்.

[காட்சி: கறுப்பு பிரைமர் அடிச்ச ஓர்க். மேலேர்ந்து வெள்ளை ஸ்ப்ரே.]

சரி, பெயின்ட். தெருக்கூத்துல அரிதாரம் பூசின முகத்தைக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா? புருவம் விரல் தடிமனுக்கு இருக்கும். கடைசி வரிசைல பாய் போட்டு உக்காந்திருக்கறவருக்கும் துரியோதனன் கோபம் தெரியணுமே. மினி பெயின்டிங்கும் அதே வேலைதான். சட்டை மடிப்புல நிஜமாவே நிழல் விழுது, ஆனா அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூணு அடில பக்கத்து வெளிச்சத்தோட கலந்து மறைஞ்சு போயிடும். அதனால நிழலை நாம வரையறோம். வெளிச்சத்தையும் நாமதான் வரையறோம்.

அந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்க ஒரு வழி, செனித்தல் பிரைமிங். பிரைமர்னா பெயின்ட் ஒட்டறதுக்காக முதல்ல அடிக்கற அடிப்பூச்சு. முழுசா கறுப்பு அடிச்சிட்டு, உச்சிப்பக்கம் இருந்து மட்டும் வெள்ளை. தலை, தோள், மூக்கு வெளுக்கும். அக்குள், தாடைக்குக் கீழே கறுப்பாவே நிக்கும். மேல போடற பெயின்ட் மெல்லிசா இருந்தா இந்த வரைபடம் உள்ளேர்ந்து தெரியும்.

சென்னைலயோ கொழும்புலயோ இருக்கறவங்க ஸ்ப்ரே கேன்ல கவனமா இருங்க. கடும் வெயில்ல அடிச்சா துளி பொம்மையைத் தொடறதுக்கு முன்னாடியே காய்ஞ்சு, மேற்பரப்பு மணல் தாளாட்டம் சொரசொரப்பாகும். மழைக்கால ஈரத்துல வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துடும். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிங்க. இல்லேன்னா பிரஷ்ல தடவற பிரைமர் வாங்கிக்கோங்க, கொஞ்சம் மெதுவான வேலை, ஆனா சண்டை போடாது.

[காட்சி: டிபன் பாக்ஸ், ஸ்பாஞ்சு, தண்ணி, பட்டர் பேப்பர்.]

மினி பெயின்ட் பெரும்பாலும் அக்ரிலிக். தண்ணி போனதும் பிளாஸ்டிக் படலமா இறுகிடும். நம்ம ஊர் வெயில்ல பேனுக்குக் கீழே ஒரு சொட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால வெட் பேலட். டிபன் பாக்ஸ்ல ஈர ஸ்பாஞ்சு, அது மேல பேக்கிங்குக்குப் போடற பட்டர் பேப்பர். அவ்வளவுதான். கீழேர்ந்து ஈரம் ஊறிக்கிட்டே இருக்கும், மூடி வச்சா மறுநாளும் அதே கலவை கிடைக்கும்.

பெயின்டிங் கத்துக்கொடுக்கற டங்கன் ரோட்ஸ், கேம்ஸ் ஒர்க்ஷாப் வீடியோக்கள்ல திரும்பத் திரும்பச் சொல்லிப் பிரபலமாக்கின வாக்கியம், 'ரெண்டு மெல்லிய கோட்டிங்'. அப்புறம் அந்தப் பேர்லயே அவரோட பெயின்ட் வரிசையும் வந்துடுச்சு. அவர் சொல்றது சரிதான். தடிமனா ஒரு கோட்டிங் போட்டா சிற்பி செதுக்கின பல்லிடுக்கெல்லாம் நிரம்பிடும். முதல் கோட்டிங் திட்டுத்திட்டா, அசிங்கமா இருக்கும். விடுங்க, ரெண்டாவது மூடிடும்.

[காட்சி: பச்சைத் தோல்ல கறுப்பு வாஷ் ஓடிப் பள்ளத்துல தேங்குது.]

அடிப்படைக் கலர் முடிஞ்சதும் வாஷ். தண்ணியான கருமை, தானா பள்ளத்துல போய் உக்காந்துக்கும். நல்ன் ஆயில்ங்கற கறுப்பு வாஷைத் 'திறமையை உருக்கி பாட்டில்ல அடைச்சது'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. தட்டையான இடத்துல குளம் கட்டினா காயறதுக்குள்ள சுத்தமான பிரஷ்ல உறிஞ்சி எடுத்துடுங்க. 2019-ல வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் இன்னும் ஒரு படி மேல. வெளிர் பிரைமர் மேல ஒரே கோட்டிங்ல கலரும் நிழலும் சேர்ந்து வந்துடும். அறுபது ஓர்க் வரிசைல நிக்கும்போது அதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்களை நான் மதிக்கறதில்லை.

அப்புறம் மேடுகளுக்கு வெளிச்சம். டிரைபிரஷ்னா, பெயின்டை டிஷ்யூல துடைச்சு, துடைச்சு, இனிமே ஒண்ணும் இல்லைன்னு தோணும்போது மினி மேல லேசா தேய்க்கறது. செயின், ரோமம், துணிச் சொரசொரப்பெல்லாம் தானா எழும்பும். கத்தி ஓரம், கவச விளிம்புக்குப் பிரஷோட பக்கவாட்டை வச்சு ஒரு கோடு இழுங்க. நிஜத்துல எந்த இரும்பு விளிம்பும் இப்படிப் பளிச்சுனு இருக்காது. 50 மீட்டர்ல இருந்து பாக்கும்போது இருந்தே ஆகணும்.

போதுமான அளவு மாறுபாடு இருக்கான்னு சந்தேகமா? போன்ல ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்க. பச்சைத் தோலும் பழுப்புத் தோல்பட்டையும் ஒரே சாம்பலா தெரிஞ்சா, கலர் மாறியிருக்கே தவிர வெளிச்சம் மாறலை. ஒண்ணை ஏத்துங்க, இன்னொண்ணை இறக்குங்க.

கண்ணா? வரையாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். குழிக்குள்ள கறுப்பு, அதுல ஒரு சிவப்புப் புள்ளி, போதும். கருவிழி, வெள்ளைவிழி எல்லாம் கோல்டன் டீமன் மாதிரி போட்டிகளுக்கு. 1987-ல இருந்து நடக்கற அந்தப் போட்டில மினி சண்டை போடப் போறதில்லை, உத்துப் பாக்கத்தான் வைக்கறாங்க. 20 சென்டிமீட்டர்ல பாத்தா அது 11 மீட்டர் தள்ளி நிக்கற ஆள். அங்கே கண்ணு தெரியும். வேற தூரம், அதனால வேற கலை.

இன்னைக்கு நிறையப் பேரை மனசு உடைய வைக்கறது போன் கேமராதான். மினியை ஸ்கிரீன் முழுக்கப் பெருசாக்கி, சிற்பியே பாக்காத பிசிறைக் காட்டும். அதைப் பாத்துட்டுப் பாதி முடிஞ்ச படையைப் பெட்டில போட்டவங்க நிறைய. வேலை எப்படி வந்திருக்குன்னு மேசைல வச்சு, எழுந்து நின்னு பாருங்க.

[காட்சி: முடிஞ்ச ஓர்க். அடித்தளத்துல மணல், காய்ஞ்ச புல். மேட் வார்னிஷ்.]

அடித்தளத்தை மட்டும் கடைசி நேரத்துல அவசரமா முடிக்காதீங்க. ஓர்க்குக்கு இது 32 மில்லிமீட்டர் வட்டம். மேலேர்ந்து பாக்கற விளையாட்டுல மண்ணு நிறையவே கண்ல படும். பச்சை ஓர்க்குக்குக் கீழே பச்சைப் புல்லா? ஆள் காணாமப் போயிடுவான். செம்மண் கலர் போடுங்க, தூக்கிக் காட்டும். படை முழுக்க ஒரே மண்ணு, ஒரே விளிம்பு நிறம் இருந்தா, வேற வேற நாள்ல அடிச்ச மினிகளும் ஒரே கூட்டமா சேந்துடும்.

இவ்வளவு செலவழிச்சா விளையாட்டுல ஏதாவது பலன் உண்டான்னு கேப்பீங்க. உண்டு. 2020-ல வந்த 40,000-ஓட ஒன்பதாம் பதிப்புல இருந்து, படை முழுக்கப் பெயின்ட் அடிச்சு அடித்தளமும் முடிச்சிருந்தா 100-க்கு 10 புள்ளி கையில கிடைக்கும். ஓர்க்குகளுக்கு அதுக்கும் முன்னாடியே கிடைச்சிடுச்சு. சிவப்பு வண்டி வேகமா ஓடும்னு அவங்க நம்பறாங்க. பழைய விதிப் புத்தகங்கள்ல வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட்னு, படை சேர்க்கறதுக்குன்னு இருக்கற புள்ளில கொஞ்சம் கொடுத்து வாங்கலாம், வாங்கினா ஒரு இன்ச் கூடுதலா நகரலாம்.